நீலத்துக்குக் கீழே சிவப்பு

செல்லபாயை வண்டிக் கொட்டகைக் கதவோரம் அழுதபடி நிற்கவிட்டுப் போனோம், மக்களே. ஒரு வாரம் முழுக்க அந்தப் பிள்ளை அங்கேயே நின்றது எனக்கும் மனசுக்குச் சங்கடம்தான். முதலில் அவளை வீட்டுக்குள் கூட்டிவந்துவிடுவோம்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்லபாய் மேற்கே குலசேகரத்துப் பெண். அவளுடைய அப்பா ஈசாக்கு நல்லமிளகும் பாக்கும் வாங்கி விற்கிறவர். வடசேரி நேசம்மாளின் ஒரே மகன் ஜெபசீலனுக்கு மகளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளைக்கென்று ஒரு புதுப் பிளஷர் காரும் கொடுத்தார். திருவனந்தபுரத்து ஏஜெண்டிடம் வாங்கியது. கருநீல நிறம். பக்கத்தில் போய் நின்றால் தலைவாரிக்கொள்ளலாம், அப்படி ஒரு மினுக்கம்.

கல்யாணப் பந்தலுக்குப் போட்ட குழி இன்னும் தூர்ந்திருக்காது. அதற்குள் வண்டியின் முகப்பில் நீலம் கொப்பளித்துச் செதில் செதிலாக எழும்பியது. போன வாரம் நேசம்மாள்தான் அதைக் கண்டாள். ஒரு செதிலை நகத்தால் நெம்பினாள். அடியில் சிவப்பு.

"பழைய வண்டிக்கு நீலம் பூசி எனக்க மகன் தலையிலே கட்டியிருக்கான் உனக்க அப்பன்," என்றாள் மருமகளிடம்.

அன்றே குலசேகரத்துக்கு ஆள் போயிற்று. சனிக்கிழமை ஈசாக்கு நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லாவிட்டால் வண்டியோடு மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை.

விடிந்ததும் நேசம்மாள் மகனைக் கூப்பிட்டாள். புருஷன் போன பிறகு தனியாக நின்று, வயலையும் பிள்ளைகளையும் கரையேற்றியவள் அவள். குரலை உயர்த்திப் பேசிய வழக்கமே கிடையாது.

"மக்கா, கோட்டாத்துக்குப் போயி அந்தச் சூசையைக் கூட்டிட்டு வா. மத்தியானத்துக்குள்ளே சாயம் அடிச்சு முடிக்கணும்."

ஜெபசீலன் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். கரும்பலகைக்கு முன்னால் சிங்கம். அம்மாவுக்கு முன்னால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்பான்.

"ஏஜெண்டு வந்து பாக்கட்டும்னு சொன்னேன்லா அம்மா. அதுக்கு முன்னே வேற ஆளு கைவச்சா, நீங்களே கெடுத்துட்டியன்னு அவன் கையைக் கழுவிருவான்."

"ஏஜெண்டு என்னத்தைப் பாக்கணும்? நான் பாத்தாச்சு."

"திருப்பிக் கொடுக்கப்போற வண்டிக்குச் சாயம் என்னத்துக்கு?"

"கொடுத்தாலும் சரி, வச்சாலும் சரி, இந்தச் சொறியோட அது எனக்க வாசலைவிட்டு இறங்காது. நாளைக்கு இராப்போஜன ஞாயிறு. அப்பம் வாங்க வாற சபை பூராவும் ரோட்டிலே நிக்கும். ஒவ்வொருத்திக்கும் நான் நின்னு பதில் சொல்லணுமா?"

ஜெபசீலன் சைக்கிளை எடுத்தான். செல்லபாய் வாசல்வரை பின்னாலேயே வந்தாள்.

"நீங்களும் நம்புதியளா? எனக்க அப்பா பழசைத் தந்தாருண்ணு?"

"நம்புறேனா இல்லையாங்கிறது கிடக்கட்டும் பிள்ளே. அம்மையை நான் எதுத்துப் பேசினா, அந்தச் சூடு உனக்க மேலேல்லா விழும்."

"அது விழுந்தாச்சே."

அவன் பெடலை மிதித்தான். சைக்கிள் தெருமுனை திரும்பியது.

செல்லபாய்க்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. எது நடந்திருந்தாலும் அதற்கு அந்த வண்டியின் மேல்தான் சாட்சி இருக்கிறது. சூசையின் பிரஷ் அதன் மேல் ஓடிவிட்டால் பிறகு யாராலும் எதையும் பார்க்க முடியாது. குலசேகரத்து ஈசாக்கு பழைய வண்டியைப் புதியதென்று கொடுத்தவர் என்ற பேச்சு மட்டும் மிஞ்சும். அவள் இங்கே இருந்தாலும் அது கூட இருக்கும். போனாலும் கூட வரும்.

"ஏட்டி," என்று உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள். "சும்மா நிக்காதே. கதவிலே ஒட்டியிருக்க சிலுவையெல்லாம் நனைச்சு எடு. சாயம் அடிக்க இடைஞ்சலா இருக்கும்."

சிலுவை என்றாள் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஜெபம் செய்து ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார்கள். பூ மட்டும் போட்டால் போதாது என்று நேசம்மாள் ஜிகினாத்தாளில் சிலுவைகள் வெட்டி முகப்பிலும் கதவுகளிலும் ஒட்டினாள். ஒட்டியது அவளுடைய சொந்தப் பசை. மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் பொடித்துப் போட்டு, நூல் நூலாக இழுபடும்வரை கிண்டுவாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கோயிலில் தோரணமும் நட்சத்திரமும் அந்தப் பசையில்தான் ஒட்டும். கடல் காற்றுக்கும் அசையாது. பாதிரியார் வீட்டம்மாவே ஒரு வருஷம் கிண்ணத்தோடு வந்து வாங்கிப் போனதுண்டு.

முகப்பில் ஒட்டிய சிலுவைகள் என்ஜின் சூட்டில் காய்ந்து தாமாகவே உதிர்ந்துவிட்டன. கதவுகளில் இருந்தவை அப்படியே இருந்தன. ஜெபம் பண்ணி ஒட்டியதை யார் பிய்ப்பார்கள்?

செல்லபாய் ஒரு செம்புத் தண்ணீரும் துணியுமாகக் கொட்டகைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் நாத்தனார் குளோரியும் வந்தாள். குளோரி பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இந்த வீட்டில் செல்லபாயின் மேற்கத்திப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவளும் அவள்தான், சிரித்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுக்கிறவளும் அவள்தான்.

"மைனி, அந்தத் துணியை இங்கோட்டுத் தாங்க. நீங்க அழுதே நனைச்சிருவீங்க போலிருக்கு."

செல்லபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஒரு சிலுவையின் ஓரத்தை நகத்தால் தூக்கி இழுத்தாள்.

தாள் வந்தது. தாளோடு நீலமும் வந்தது.

அவள் கையில் ஜிகினாச் சிலுவை. அதன் பின்பக்கம் காய்ந்த பசை. பசையின் மேல் வழுவழுப்பாக ஒரு நீலப் படலம், பாலில் ஆடை எடுத்தது போல. கதவில் அதே அளவுக்கு, அதே வடிவத்தில், ஒரு சிவப்புச் சிலுவை.

குளோரி அந்தச் சிவப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

செல்லபாய் எழுந்து முகப்புக்குப் போனாள். கொப்பளித்த இடங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குச் சிலுவை எங்கெங்கே இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. புதுப்பெண்ணாக அந்த வண்டிக்குப் பக்கத்தில்தானே நின்றாள். சிலுவை இருந்த இடமெல்லாம் உரிந்திருந்தது. வண்டியின் பின்பக்கம் பூமாலை மட்டும் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு கீறல்கூட இல்லை.

"பசை காயும்போது இழுத்திருக்கு," என்றாள். "துத்தமும் சேந்து தின்னிருக்கு."

"மைனி." குளோரியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "இதை அம்மாகிட்ட யாரு சொல்லப்போறா?"

"நான்தான்."

"உங்க அப்பா முன்னால சொல்லிராதீங்க. அம்மா செத்திருவா."

"அவரு முன்னால சொல்லுகதுக்கில்ல. அவரு வாறதுக்கு முன்னால சொல்லணும்."

அடுக்களையில் நேசம்மாள் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். கோழி அடித்திருந்தது. சண்டை போடுவதற்காக வரவழைத்த சம்பந்திக்கும் வயிறு நிறையப் போட வேண்டும், அது அவளுடைய கணக்கு.

செல்லபாய் அந்தச் சிலுவையைப் பின்பக்கம் தெரிய அவள் முன்னால் நீட்டினாள்.

"இது என்னது?"

"கதவிலே இருந்தது மாமி. இழுத்தேன். நீலமும் கூட வந்துட்டு. முகப்பிலேயும் சிலுவை ஒட்டின இடத்திலதான் உரிஞ்சிருக்கு. வேற எங்கயும் இல்ல."

நேசம்மாள் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். பசையில் துத்தத்தின் பச்சைப் பொடி ஒன்றிரண்டு தெரிந்தது. தன் கைவேலையைத் தெரியாதவளா அவள்? அவள் முகம் ஒரு கணம் இடிந்துபோய், பிறகு மறுபடியும் தன் இடத்துக்கு வந்தது.

"எத்தனை கிறிஸ்மஸ் எனக்க பசை கோயில் சுவரிலே ஒட்டியிருக்கு தெரியுமா? ஒரு பொட்டு சுண்ணாம்பு உரிஞ்சிருக்கா?"

"சுண்ணாம்பு வேற, இது வேற மாமி."

"உனக்க அப்பனுக்கு நீ வக்கீலா?"

"வக்கீலுக்கு நான் எங்க போவேன்? கண்ணில பட்டதைக் கொண்டு வந்தேன்."

நேசம்மாள் அந்தத் தாளை அடுப்பில் போட்டாள்.

ஜிகினா சட்டென்று எரியாது. சுருண்டு, கறுத்து, ஓரத்தில் பச்சையாக ஒரு சுடர்விட்டு, பிறகுதான் அடங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இனி இந்தப் பேச்சு வேண்டாம்," என்றாள் நேசம்மாள். "யாருகிட்டயாவது சொன்னியோ..."

"நான் சொல்லமாட்டேன் மாமி." செல்லபாய் அடுப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். மாமியாரைப் பார்த்து முடித்தாள். "நீங்க சொல்லுவியண்ணு பாத்துக்கிட்டு நிப்பேன்."

ஈசாக்கு பஸ் இறங்கி நடந்து வந்தபோது வெயில் ஏறியிருந்தது. தோளில் சரிகைக் கரை நேரியல், கையில் குடை, நெற்றியெல்லாம் வேர்வை. வழக்கமாக மகளைப் பார்த்ததும் வாசலிலிருந்தே "மோளே" என்று கூப்பிடுகிறவர், இன்று கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வாங்க சம்பந்தி," என்றாள் நேசம்மாள். "முதல்ல கை நனைங்க. பேச்சு பிறகு."

"பேச்சு முதல்ல இருக்கட்டும். எனக்க மேலே களவு சொன்ன வீட்டில நான் கை நனைக்கியதில்ல."

அது நேசம்மாளுக்கு உறைத்தது. அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போனவர்கள் கிடையாது.

"சரி. அப்பம் வாங்க, வந்து பாருங்க."

எல்லோரும் கொட்டகைக்கு வந்தார்கள். நேசம்மாள் முகப்பைக் காட்டினாள். கதவில் இருந்த புதிய சிவப்புச் சிலுவையின் மேல் மட்டும் ஒரு பழைய வேட்டி தொங்கிக்கொண்டிருந்தது. யார் போட்டது என்று செல்லபாய்க்குத் தெரியும்.

ஈசாக்கு குனிந்து பார்க்கவில்லை. குடையை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"ஒரே கேள்விதான் சம்பந்தி. நீங்க தந்தது புதுசா, பழசா?"

"எனக்க மாப்பிளைக்கு நான் பழசு கொடுப்பேனா?"

"அடியிலே சிவப்பு இருக்கே."

"சிவப்பு இருந்தா? உங்களுக்கு வண்டி பிடிக்கல்ல, எனக்க பிள்ளையையும் பிடிக்கல்ல. அதை நேராச் சொன்னா என்ன? மோளே, பெட்டியை எடு. வண்டியும் வரட்டும், நீயும் வா. எனக்கு மிளகு காயப்போட முற்றம் இருக்கு. மகளுக்கு இருக்க இடம் இருக்கு."

இந்த நேரத்தில்தான் சைக்கிள் மணி கேட்டது. ஜெபசீலன் முன்னால், பின்னால் கேரியரில் சாய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சூசை. கோட்டாற்றில் வில்வண்டிக்கும் கத்தோலிக்கக் கோயில் சுரூபங்களுக்கும் சாயம் அடிக்கிறவன் அவன். நின்றவர்கள் முகங்களைப் பார்க்காமலே டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்க ஆரம்பித்தான்.

"நல்ல நீலம் அம்மா. மாதா அங்கிக்கு அடிச்சதிலே மிச்சம். மழைக்கும் வெயிலுக்கும் அசையாது."

"மாதா அங்கிக்கு அடிச்சதையா எனக்க வண்டிக்கு அடிக்கப்போறே?" என்றாள் நேசம்மாள். அவள் சபையில் சுரூபமே கிடையாது.

"சாயத்துக்கு என்ன அம்மா, வேதமும் சபையுமா இருக்கு?"

வேறு நாளாக இருந்தால் குளோரி இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்திருப்பாள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. சூசை பிரஷை முக்கி, விளிம்பில் வழித்து, முகப்பை நோக்கிக் குனிந்தான்.

செல்லபாய் நடந்துபோய் அவனுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றாள்.

"அடிக்கக்கூடாது."

"மாறு மோளே," என்றார் ஈசாக்கு. "அவங்களுக்குப் பூசணும்ணா பூசட்டு. நமக்கென்ன? நாம போவோம்."

"நான் வரல்ல அப்பா."

"உனக்க அப்பனைக் கள்ளன்னு சொன்ன வீட்டில நீ சோறு தின்னப்போறியா?"

"இப்பம் வந்தா, அது பொய்யிண்ணு எங்கேயிருந்து சொல்லுகது? இங்க நின்னாத்தானே சொல்ல முடியும்."

சொல்லிவிட்டு அவள் மாமியாரைப் பார்த்தாள். கெஞ்சலாகவும் இல்லை, மிரட்டலாகவும் இல்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எப்போது கொதிக்கும் என்று பார்ப்பது போலப் பார்த்தாள். நேசம்மாள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

சூசை பிரஷைப் பிடித்தபடி ஜெபசீலனைப் பார்த்தான். ஒரு சொட்டு நீலம் தரையில் விழுந்தது.

"வாத்தியாரே, அடிக்கவா, வேண்டாமா? காயுது."

ஜெபசீலன் அம்மாவைப் பார்த்தான். பிறகு வண்டியை மறைத்து நிற்கும் மனைவியைப் பார்த்தான். அவள் முந்தானையில், முதுகுப்பக்கம், உரிந்த நீலத்தின் தூள் ஒட்டியிருந்தது. அவன் கை சட்டைப் பொத்தானுக்குப் போயிற்று. பாதி வழியில் நின்றது.

"டப்பாவை மூடு சூசை."

"மக்கா?" என்றாள் நேசம்மாள்.

"வேண்டாம் அம்மா. இவ சொல்லுறதுதான் சரி. நான் காலையிலேயே சொல்லியிருக்கணும். சொன்னேன், ஆனா சொன்னதா அர்த்தமில்லை. வித்தவன் இதை இந்தக் கோலத்திலேயே பாக்கட்டும். அவன் பாத்துச் சொல்லுறதுவரைக்கும் யாரும் யாரையும் கள்ளன்னு சொல்ல வேண்டாம். நான் கட்டினவளை யாரும் பெட்டியைத் தூக்கச் சொல்லவும் வேண்டாம்."

கடைசி வார்த்தை மாமனாருக்கும் சேர்த்துத்தான். கல்யாணமான நாள்முதல் செல்லபாய் காத்திருந்த குரல் அது. வந்தபோது அவளுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை, மக்களே.

நேசம்மாள் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். அவளிடமிருந்து கோபம் வரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். குளோரி மெதுவாக, "அம்மா," என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கும் தெரியும் என்பது நேசம்மாளுக்கு விளங்கிவிட்டது.

"சாயந்திரம் ஆயத்த ஆராதனைக்குப் போகணும்," என்றாள் நேசம்மாள், யாரையும் பார்க்காமல். "யாருக்காவது மனசறியக் குத்தம் செய்திருந்தா சொல்லித் தீத்துட்டு வாங்கன்னு பாதிரியார் கேப்பாரு. எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருப்போம். நாளைக்கு அந்த அப்பத்தை நான் எப்படிக் கையிலே வாங்குறது?"

அவள் போய்க் கதவில் கிடந்த வேட்டியை இழுத்தாள். சிவப்புச் சிலுவை பளிச்சென்று தெரிந்தது.

"சம்பந்தி, உரிச்சது ஏஜெண்டும் இல்ல, நீங்களும் இல்ல. நான் கிண்டின பசை. இந்தப் பிள்ளை காலையிலே தாளோட கொண்டுவந்து காட்டினா. நான் அடுப்பிலே போட்டேன். போட்டுட்டு அதுக்கு மேலேதான் உங்களுக்குக் கோழி வேகவச்சேன்."

ஜெபசீலன் மனைவியை ஆச்சரியமாகப் பார்த்தான். இத்தனை தெரிந்தும் அவள் வாய் திறக்கவில்லையே என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஈசாக்கின் குடை தளர்ந்தது. "அப்படியா சம்பந்தி? பிறகென்ன. தீந்துபோச்சே. அறியாம வந்தது. சாயத்தை அடிச்சுட்டுப் போவோம். சூசைண்ணா பேரு? அடி சூசை, நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லி முடிக்கும் முன்னே நேசம்மாள் தலையை அசைத்தாள். பாரம் இறங்கிய பிறகு அவளுக்குப் பழைய நிமிர்வு வந்துவிட்டிருந்தது.

"உரிச்சது நான். ஒத்துக்கிட்டேன். ஆனா சிவப்பை நான் வைக்கல்லியே. அது எங்கேயிருந்து வந்தது?"

"கம்பெனியிலேயே அடியிலே சிவப்பா ஒரு பூச்சுப் போடுறதுண்டுன்னு கேட்டிருக்கேன் அம்மா," என்றான் ஜெபசீலன். "அதாவும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நமக்குத் தெரியாது, வித்தவனுக்குத் தெரியும். இப்பவே கிளம்பினா இருட்டுறதுக்கு முன்னே திருவனந்தபுரம் போயிரலாம். வண்டியை அவன் வீட்டு வாசல்லேயே நிறுத்துவோம். மாமா, நீங்களும் வாங்க. வாங்கினது நீங்கதானே. உங்களைக் கண்டா அவன் வேற பேச்சுப் பேசமாட்டான்."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கே. நாளைக்குச் சபைக்கு அம்மா தலைநிமிந்து போகட்டும். நான் அடுத்த இராப்போஜனத்துக்குப் போய்க்கிடுறேன்."

நேசம்மாள் அடுக்களைக்கு ஓடினாள். கை நனைக்காமல் சம்பந்தி போவதா? வாழையிலையை வாட்டிப் பொதிச்சோறு கட்டச் சொல்லிக் குளோரியை விரட்டினாள். கோழிக்கறியைத் தனி இலையில் கட்டினாள். சூசைக்கும் ஒரு பொதி. "அடிக்காத சாயத்துக்குச் சோறு கிடைச்சது இந்த வீட்டிலதான்," என்று அவன் முணுமுணுத்தது அடுப்படிவரை கேட்டது.

ஜெபசீலன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். செல்லபாய் பொதிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கு அவளுக்கு எல்லாமே கிடைத்துவிட்டது. புருஷன் வாய் திறந்தான். மாமியார் மனசு திறந்தாள். அப்பா கள்ளன் இல்லை. இனி ஏஜெண்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

வண்டியின் பின்பக்க ஓரத்தில் நின்று ஈசாக்கு அவளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"என்ன அப்பா? சோறு கட்டியாச்சு. வழியில நிறுத்தித் தின்னுங்க."

அவர் அவள் கையிலிருந்த பொதியை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. இந்த வெயிலில்.

"மோளே, மாப்பிளைகிட்ட நீ சொன்னா கேப்பாரு. ஏஜெண்டுகிட்ட போகாண்டாம்ணு சொல்லு."

"ஏன் அப்பா?"

"போகாண்டாம். அவ்வளவுதான். ஏதாவது ஒண்ணு சொல்லி நிறுத்து. தலைவலிண்ணு சொல்லு. நீ சொன்னா நிப்பாரு."

"அப்பா, என்னைப் பாத்துச் சொல்லுங்க. ஏன்?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கதவில் தெரிந்த அந்தச் சிவப்பைப் பார்த்தார். காலையிலிருந்து இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார்.

செல்லபாயின் கையிலிருந்த பொதியின் சூடு உள்ளங்கையைச் சுட்டது. அவள் அதை மாற்றிப் பிடிக்கவில்லை. இந்த மனுஷருக்காகத்தான் அடுப்பு முன்னால் நின்றாள். இவருக்காகத்தான் பிரஷுக்கு முன்னால் நின்றாள். இவர் பேருக்காகத்தான் மாமியார் இன்று நாலு பேர் முன்னால் தலைகுனிந்தாள்.

முன்பக்கம் ஜெபசீலன் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். இரண்டாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. வண்டி முழுக்க அதிர்ந்தது. முகப்பிலிருந்து இரண்டு நீலச் செதில்கள் உதிர்ந்து மண்ணில் விழுந்தன.

"மாமா என்ன சொல்லுறாவ?" என்று சத்தத்துக்கு மேல் கேட்டான். "கிளம்பலாமா?"

நேசம்மாள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். குளோரி அவளுக்குப் பக்கத்தில். எல்லோரும் செல்லபாயைத்தான் பார்த்தார்கள். ஒரு சின்னப் பொய் போதும். தலைவலி என்று சொன்னால் போதும். சூசை இன்னும் தெருமுனைகூடத் தாண்டியிருக்கமாட்டான். கூப்பிட்டால் திரும்பி வருவான். மாலைக்குள் வண்டி முழுக்க நீலமாகிவிடும்.

அவள் சேலை நுனியை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நானும் வாறேன்," என்றாள்.

ஜெபசீலன் ஏன் என்று கேட்கவில்லை. நேசம்மாளும் தடுக்கவில்லை. செல்லபாய் சிவப்புச் சிலுவை இருந்த அந்தக் கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறி, மறுஓரத்துக்கு நகர்ந்து, பொதிகளை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

ஈசாக்கு குடையை ஊன்றி வெளியிலேயே நின்றார்.

"ஏறுங்க அப்பா," என்றாள் அவள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது.